எக்ஸ்ட்ராவுக்கு என்ன விலை?

இந்தியாவில் பர்கர், பீட்ஸா, பொரித்த கோழிச் சங்கிலிக் கடைகளை நடத்தும் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒருவருடைய கடையில் இரண்டு பர்கர் வாங்கினேன். எனக்கு ஒன்று, சித்தி மகளுக்கு ஒன்று. அவளுக்கு சீஸ் ஆகாது, அதனால் அவளுடையதில் வேண்டாம் என்றேன். எனக்கு சீஸ் பிடிக்கும், என்னுடையதில் கூடுதலாக ஒரு துண்டு வைக்கச் சொன்னேன். பில் வந்தது. ‘எக்ஸ்ட்ரா சீஸ் 30.00’. அதற்குக் கீழே ‘நோ சீஸ் 0.00’.

அவளுக்கு வைக்காத துண்டையே எனக்கு வைத்திருப்பார்கள். வைத்ததற்கு முப்பது ரூபாய், வைக்காமல் விட்டதற்குப் பூஜ்யம். பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். சீட்டுகளைத் தூக்கிப் போடும் பழக்கம் கிடையாது.

அதற்கு முன்னால், பி.காம். படித்துக்கொண்டிருந்த 2016 முதல் 2018 வரை, உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தின் சென்னைக் கடையில் டீம் மெம்பராக, அதாவது கவுண்டரிலும் சமையலறையிலும் நிற்கும் ஊழியனாக இருந்தேன். எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. என்னோடு நின்றவர்களில் சிலர் இன்னும் அங்கே நிற்கிறார்கள். தவிர, ஒரே ஒரு கடையின் பிரச்சினையாக இருந்தால் அந்தக் கடை மேனேஜருக்கே எழுதியிருப்பேன்.

முதலில் விலை. உங்கள் கடையில் ஒரு பொருளுக்கு எத்தனை விலை என்று உங்களுக்கே ஒரு மூச்சில் சொல்ல முடியுமா? மேலே பலகையில் ஒரு விலை. உங்கள் செயலியில் கூப்பன் போட்டால் இன்னொரு விலை. டெலிவரி நிறுவனத்தின் செயலியில் பார்த்தால் அதே பர்கர் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும், அதற்கு மேல் டெலிவரிக் கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம். பலகையில் 99 என்று கொட்டை எழுத்தில் இருக்கும், வரி சேர்ந்து 103.95 ஆகும். கவுண்டரில் சில்லறை தேடுவது டீம் மெம்பரின் பாடு.

கவுண்டரில் நின்ற காலத்தில் எனக்குப் பழகவே பழகாத காட்சி ஒன்று உண்டு. பேரனைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வருவார். பலகையை அண்ணாந்து பார்ப்பார், கண்ணைச் சுருக்கிப் படிப்பார், பணத்தை எண்ணி வைப்பார். அவருக்குப் பின்னால் நிற்கும் கல்லூரிப் பையன் போனை நீட்டுவான். அதே சாப்பாடு அவனுக்கு எழுபது ரூபாய் குறைவு. பெரியவர் அதைக் கவனித்துவிட்டு, “தம்பி, எனக்கு மட்டும் ஏன்பா ஜாஸ்தி?” என்பார். என்ன சொல்வது? “செயலியை இறக்கிக்கோங்க தாத்தா” என்று சொல்லத்தான் எங்களுக்குப் பயிற்சி. அவர் கையில் இருந்ததோ பட்டன் போன். பழைய மளிகைக் கடைக்காரர்கூட முகம் பார்த்துத்தான் விலை சொல்வார் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அவர் தெரிந்த முகத்துக்கும் வயசாளிக்கும் குறைத்துச் சொல்வார்.

இந்தியாவுக்கு வந்த புதிதில் நீங்கள் இப்படி இல்லை. 1990-களின் நடுவில் டெல்லியிலும் பெங்களூரிலும் முதல் கடைகளைத் திறந்தபோது நடுத்தரக் குடும்பங்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளவே தயங்கின. அந்தத் தயக்கத்தை உடைத்தது விலை. மெக்டொனால்ட்ஸ் 2004-ல் 20 ரூபாய் விலையில் ஒரு உணவுப் பட்டியல் போட்டது. உருளைக்கிழங்கு டிக்கி வைத்த பர்கரை 20 ரூபாய்க்குத் தின்ற தலைமுறை என்னுடையது. பள்ளிக்கூடத்தில் யாராவது பாஸ் ஆனால் ட்ரீட் என்றால் அதுதான். பையில் இருக்கும் காசும் பலகையில் இருக்கும் காசும் ஒத்துப்போன காலம். விலைவாசி ஏறும், 20 ரூபாய் இருபது வருஷம் நிற்காது என்பது எனக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேச வரவில்லை. விலை ஏறுவதற்கும் ஒளிவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இனி 2017 நவம்பர் 14-ஆம் தேதி இரவு. குழந்தைகள் தினம். கடை முழுக்கப் பலூன், தரை முழுக்க கெச்சப். மறுநாள் காலையிலிருந்து உணவகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைகிறது என்று நான்கு நாட்களுக்கு முன்பு குவஹாத்தியில் கூடிய கவுன்சில் அறிவித்திருந்தது. அன்றைக்கு முழுக்க வாடிக்கையாளர்கள், “நாளைக்கு வந்தா சீப்பா இருக்கும்ல?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இரவு கடை மூடியதும் மேனேஜர் ஒரு கவரைப் பிரித்தார். உள்ளே பலகையில் செருக வேண்டிய புதிய விலைப் பட்டைகள். ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒருவன், மேலே ஏறிச் செருகுகிறவன் நான். 120 இருந்த இடத்தில் 135. காகிதம் எடுத்துக் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை, நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. 120-க்கு 18 சதவீதம் போட்டால் 141 ரூபாய் 60 காசு. 135-க்கு 5 சதவீதம் போட்டால் 141 ரூபாய் 75 காசு. அரசாங்கம் விட்டுக்கொடுத்த வரி அந்த ஏணியின் மேல்படியில் வைத்தே காணாமல் போனது. பதினைந்து காசு கூடவும் ஆனது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அந்த 5 சதவீதத்தோடு உள்ளீட்டு வரி வரவு போய்விட்டது. அதாவது எண்ணெய்க்கும் பெட்டிக்கும் கடை வாடகைக்கும் கட்டுகிற ஜிஎஸ்டியை முன்புபோலக் கழித்துக்கொள்ள முடியாது. அது உண்மையான செலவு. அதை ஈடுகட்ட விலையை ஓரளவு ஏற்றியதில் தப்பில்லை. ஆனால் ஓரளவு என்பது எவ்வளவு என்றுதான் கேள்வி வந்தது. தேசிய மிகை லாபத் தடுப்பு ஆணையம் கணக்குப் பார்த்தது. மேற்கிலும் தெற்கிலும் மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்தும் ஹார்ட்கேஸில் நிறுவனம் 7.49 கோடி ரூபாய் அளவுக்கு வரிக் குறைப்பின் பலனை மக்களுக்குத் தரவில்லை என்று 2018 நவம்பரில் சொன்னது. டொமினோஸை நடத்தும் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ் விஷயத்தில் அந்தத் தொகை 41.42 கோடி என்று 2019 ஜனவரியில் சொன்னது. கணக்கிட்ட முறையே தவறு என்று நிறுவனங்கள் வாதாடின, விவகாரம் நீதிமன்றம் போனது. வரிக் குறைப்பின் பலனை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று சொல்லும் ஜிஎஸ்டி சட்டப்பிரிவு செல்லும் என்று 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்புறம் 2025 செப்டம்பர் 22. இந்தத் தடவை உணவக வரி அப்படியே 5 சதவீதம்தான். ஆனால் நீங்கள் வாங்கும் பொருட்களில் வரி குறைந்தது. சீஸ், வெண்ணெய், சாஸ், மயோனைஸ் எல்லாம் 12-லிருந்து 5 சதவீதம். வரி வரவு இல்லாததால் முன்பு கட்டிய 12 சதவீதம் முழுக்க உங்கள் செலவு. 112 ரூபாய்க்கு வந்த சீஸ் 105 ரூபாய்க்கு வருகிறது. வரவு போனபோது செலவு ஏறியது என்று விலையை ஏற்றினீர்களே, அதே கணக்குப்படி இப்போது எக்ஸ்ட்ரா சீஸ் குறைந்திருக்க வேண்டும். என் பில்லில் அது முப்பது ரூபாயாகவே இருக்கிறது. குறைத்தவர்கள் யாராவது இருந்தால் இந்தப் பத்தி அவர்களுக்கு இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. வரிக் குறைப்பை விழுங்கிவிட்டார்கள் என்று அந்தப் பழைய பிரிவின் கீழ் புதிதாகப் புகார் கொடுக்கும் வழி 2025 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. வரி குறைந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், கூப்பிட்டேன், பதிவு செய்துகொண்டார்கள்.

சரி, 2017 இரவுக்கே திரும்பி வருகிறேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. ஏணியில் ஏறுவதற்கு முன்னால் எங்களை பஞ்ச் அவுட் செய்யச் சொன்னார்கள், அதாவது வேலை முடிந்தது என்று இயந்திரத்தில் பதியச் சொன்னார்கள். விரல் வைத்துவிட்டுத்தான் ஏறினேன். ஒன்றரை மணி நேர வேலை. கம்ப்யூட்டர் கணக்குப்படி நான் அப்போது வீட்டில் இருந்தேன். கடைசி ரயில் போய்விட்டதால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டு மணிக்கு, சொந்தக் காசில், ஆட்டோவில்.

விலையை ஏற்றியது யார் முடிவு, பஞ்ச் அவுட் யார் முடிவு என்று தெரியாத வயசு. இப்போது தெரியும். இரண்டும் ஒரே கையிலிருந்து வருகின்றன. கடை மேனேஜருக்கு மாதா மாதம் ஒரு எண் வரும்: விற்பனையில் இத்தனை சதவீதத்துக்கு மேல் கூலிச் செலவு போகக்கூடாது. மழை பெய்து ஆள் வராத நாளிலும் அந்த எண் அதே எண்தான். அதைத் தாண்டினால் ஏரியா மேனேஜரின் போன் வரும். எண்ணெயைக் குறைக்க முடியாது, கோழியைக் குறைக்க முடியாது, இரண்டும் கிராம் கணக்கில் எடை போடப்படுகின்றன. மிச்சமிருப்பது மணிக்கணக்கு. அதனால் ஆறு மணிக்கு ஷிஃப்டுக்கு வந்தவனை, கூட்டம் இல்லை என்று எட்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவார்கள். கூட்டம் இருந்தால் பஞ்ச் அவுட் செய்துவிட்டு ஃப்ரையர் கழுவச் சொல்வார்கள். எங்கள் மேனேஜர் கெட்டவர் இல்லை. குளோசிங், அதாவது கடை மூடும் ஷிஃப்ட் அன்று எல்லோருக்கும் தன் காசில் டீ வாங்கித் தருவார். அவரும் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர்தான்.

இப்போது ‘உங்கள் விருப்பப்படி’ என்று பர்கரை மாற்றிக் கேட்க விடும் விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை விலையும் கூலியும் இடித்துக்கொள்ளும் இடம் அதுதான், அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

துரித உணவு என்ற யோசனையே எல்லாருக்கும் ஒரே மாதிரி என்பதில் பிறந்தது. முன்கூட்டியே செய்து, சுற்றி, சூடு தாங்கும் தட்டில் அடுக்கி வைத்துவிட்டால் கேட்ட நொடியில் எடுத்துக் கொடுக்கலாம். வெங்காயம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அந்த வரிசை நின்றுவிடும். அமெரிக்காவில் 1974-ல் பர்கர் கிங் இதையே விளம்பரமாக்கியது. உங்களுக்கு எப்படி வேண்டுமோ அப்படி வாங்கிக்கொள்ளுங்கள், எங்களுக்கு அது தொந்தரவே இல்லை என்று பாட்டுப் பாடியது. மெக்டொனால்ட்ஸ் அங்கே தன் சமையலறைகளை ஆர்டர் வந்த பிறகு செய்யும் முறைக்கு மாற்றியது 1990-களின் கடைசியில்தான். தொந்தரவு இல்லை என்று சொன்னது கம்பெனி. அடுப்படியில் நின்றவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தியாவில் இது இன்னும் ஒரு சுற்று கூடுதல். சைவத்துக்குத் தனி மேடை, தனி எண்ணெய், தனி ஆள். முட்டை இல்லாத மயோனைஸ். ஜெயின் வாடிக்கையாளருக்கு வெங்காயம், பூண்டு இல்லாமல். எங்கள் ஊரில் புரட்டாசி வந்தால் கேட்கவே வேண்டாம். சனிக்கிழமை முழுக்க சைவ மேடையில் இருப்பவன் ஒற்றை ஆளாகத் திணறுவான், கோழி மேடையில் இருப்பவன் ஈ ஓட்டிக்கொண்டிருப்பான். அவன் வந்து கை கொடுக்க முடியாது, மேடை மாறினால் தீட்டு மாதிரி. (இந்தப் பிரிப்பை நான் குறை சொல்லவில்லை. அதை நம்பித்தான் என் பாட்டி உங்கள் கடையில் ஐஸ்கிரீமாவது சாப்பிட்டாள்.)

சமையலறையில் தலைக்கு மேல் திரை. ஆர்டர் விழுந்ததும் நேரம் ஓடும். குறித்த நொடிகளைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும். அந்த நொடிக் கணக்கு சாதாரண பர்கருக்குப் போட்ட கணக்கு. ‘வெங்காயம் வேண்டாம், சாஸ் பாதி, பன் நன்றாக வாட்டி, சீஸ் இரண்டு’ என்று வந்தாலும் அதே நொடிகள்தான். தனியாகச் செய்து, தனியாகச் சுற்றி, ஸ்டிக்கர் ஒட்டி, பக்கத்து ஆர்டரோடு கலக்காமல் வைக்க வேண்டும். கலந்துவிட்டால் அந்த பர்கர் வேஸ்டேஜ் நோட்டில் ஏறும், நோட்டில் என் பெயர் ஏறும். முன்பெல்லாம் வாடிக்கையாளர் ஒருவரிடம் வாய் திறந்து கேட்க வேண்டியிருந்தது. பின்னால் வரிசை நிற்பதால் பாதிப் பேர் கேட்காமல் விட்டுவிடுவார்கள். இப்போது தொடுதிரைப் பெட்டி வைத்திருக்கிறீர்கள். அது கூச்சத்தைப் போக்கிவிட்டது. ஒவ்வொரு திரையிலும் ‘இதையும் சேர்க்கவா?’ என்று அதுவே கேட்கிறது. விற்பனை ஏறியிருக்கும், சந்தோஷம். உள்ளே நிற்கும் ஆட்கள் கூடினார்களா? திரையின் நொடிக் கணக்கு மாறியதா?

உங்கள் வியாபாரத்தில் இந்த எக்ஸ்ட்ராதான் லாபமான இடம் என்பது கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு துண்டு சீஸுக்குக் கூடுதல் வாடகை இல்லை, கூடுதல் மின்சாரம் இல்லை, கூடுதல் ஆளும் இல்லை. அந்த முப்பது ரூபாயில் நீங்கள் விற்பது சீஸையும் ஒருவனுடைய பத்து விநாடிகளையும். சீஸ் வியாபாரிக்குக் காசு போகிறது.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. வேண்டாம் என்று எடுக்கும் பொருள் விலை உள்ளதாக இருந்தால், சீஸோ கோழியோ, பாதியையாவது கழியுங்கள். வெங்காயத்துக்குக் கேட்கவில்லை, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கேட்ட ஆர்டருக்குத் திரையில் அரை நிமிஷம் கூட்டிக் கொடுங்கள். மென்பொருளில் ஒரு வரி வேலை. பலகையில் வரி சேர்த்த விலையை எழுதுங்கள். துணிக்கடையில், மருந்துக்கடையில் எல்லாம் அப்படித்தான் வாங்கிப் பழகியிருக்கிறோம்.

கூலியைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். அமெரிக்காவில் உங்கள் பிராண்டுகள் ஒரு பதிலை வைத்திருந்தன: ‘அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, கடையை எடுத்து நடத்தும் உரிமையாளரின் ஊழியர்கள்.’ மெக்டொனால்ட்ஸின் கடைகளில் சுமார் 95 சதவீதம் அப்படித் தனி உரிமையாளர்கள் நடத்துபவை. அந்த உரிமையாளரோ, பிராண்டுக்கு ராயல்டியும் வாடகையும் கொடுத்த பிறகு கையில் என்ன இருக்கிறது என்பார். இந்தப் பந்து விளையாட்டு நெடுங்காலம் நடந்தது. நாடு முழுக்க 60 கடைகளுக்கு மேல் உள்ள பிராண்டாக இருந்தால், கடை யாருடையதாக இருந்தாலும் சரி, மணிக்கு 20 டாலர் என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. அப்போது அந்த மாநிலத்தில் மற்றவர்களுக்கான குறைந்தபட்சம் 16 டாலர். அதனால் விலை ஏறியதா, வேலை போனதா என்று அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை.

இந்தியாவில் உங்களுக்கு அந்தப் பதில் கிடையாது. இங்கே மூலை முடுக்கில் தனி முதலாளி யாரும் இல்லை. டொமினோஸ் என்றால் ஜூபிலன்ட். தென்னிந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் என்றால் வெஸ்ட்லைஃப் (மேலே சொன்ன ஹார்ட்கேஸில் அதன் துணை நிறுவனம்). கேஎஃப்சி, பீட்ஸா ஹட் என்றால் தேவயானி, சஃபையர். பர்கர் கிங் என்றால் ரெஸ்டாரண்ட் பிராண்ட்ஸ் ஏசியா. எல்லாம் பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனிகள். வெளிநாட்டு பிராண்டுக்கு ராயல்டி கட்டுகிறீர்கள், மற்றபடி கடை உங்களுடையது, ஆள் உங்களுடையவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எத்தனை கடை திறந்தோம், பழைய கடைகளில் விற்பனை எத்தனை சதவீதம் ஏறியது என்று முதலீட்டாளர்களுக்கு விவரமாகச் சொல்கிறீர்கள். கடையில் நிற்கிறவருக்கு மணிக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதை உங்கள் ‘ஆட்கள் தேவை’ போஸ்டரில்கூட நான் பார்த்ததில்லை. ‘கவர்ச்சிகரமான சம்பளம்’ என்று இருக்கும்.

(நம்மூர் பொரித்த கோழிப் பிராண்டுகளின் கதை வேறு. அங்கே சில லட்சம் போட்டுக் கடை எடுத்தவர் மசாலாவையும் மாவையும் பெட்டியையும் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும், கம்பெனி சொன்ன விலைக்கு. அப்படிப்பட்டவரின் கணக்குப் புத்தகங்களை நான் எழுதியிருக்கிறேன். பல மாதங்களில் அவர் சம்பளம் அவர் கடையில் வேலை பார்க்கும் பையனின் சம்பளத்தைவிடக் குறைவு. அவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். இது உங்களுக்கு.)

சித்தி மகள் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அவளுக்குப் பத்தொன்பது வயசு. கல்லூரி முடிந்த பிறகு மாலையில் அவளும் இப்போது உங்கள் தொழிலில் ஒரு கடையில்தான் இருக்கிறாள். ஏழெட்டு வருஷத்தில் எல்லாம் மாறியிருக்கும் என்று நினைத்தேன். சீருடை நன்றாக இருக்கிறது. ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்போது ஷிஃப்ட் என்ற பட்டியல், வாட்ஸ்அப்பில் வருகிறது. சில நேரம் மறுநாள் ஷிஃப்ட் முந்தின நாள் இரவு பதினொன்றுக்குத்தான் தெரிகிறது. அவளோடு சேர்ந்தவர்களில் சிலருக்குப் பெயர் ஊழியர் இல்லை, ‘பயிற்சியாளர்’. அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் எடுத்தால் பி.எஃப். கட்ட வேண்டாம், உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே தந்துவிடுகிறது. தொழில் கற்றுக்கொடுக்க வந்த நல்ல திட்டம். உருளைக்கிழங்குக் கூடையை எண்ணெயில் இறக்குவதை எத்தனை மாதம் கற்பிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நான் இரண்டு நாளில் கற்றுக்கொண்டேன்.

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. உங்கள் மனிதவளத் துறைக்கு அது மனப்பாடமாக இருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். கூடுதல் நேர வேலைக்குச் சாதாரணச் சம்பள விகிதத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் தர வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலை நாளில் கணக்கை முடிக்க வேண்டும். நான் நின்றபோது இரண்டரை மாதம் ஆனது. கல்லாவில் பணம் குறைந்தால் அந்த ஆளின் கவனக்குறைவால்தானா என்று விசாரித்து, அவர் பதிலைக் கேட்ட பிறகே பிடிக்கலாம். அன்றைக்கு ஷிஃப்டில் இருந்த மூன்று பேருக்கும் பங்கு போட்டுப் பிடிப்பது அந்தக் காலத்திலும் சட்டத்தில் இல்லை. சம்பளச் சீட்டு கட்டாயம். இரவு ஏழு மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்க வேண்டுமென்றால் அவர்கள் சம்மதம் வேண்டும், பாதுகாப்பு வேண்டும் என்று இன்னொரு தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொல்கிறது. குளோசிங் முடித்துப் பதினொன்றரைக்கு வெளியே வரும் பெண்ணைப் பொறுத்தவரை பாதுகாப்பு என்றால் வண்டி என்று அர்த்தம்.

நாற்காலி விஷயமும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்றார்கள். தி.நகர் துணிக்கடைப் பெண்களின் கால்கள் வாங்கித் தந்த சட்டம் என்று அதைச் சொல்வேன். உணவகங்களுக்கு 1958-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, அந்தத் திருத்தம் நமக்குப் பொருந்தாது என்று உங்கள் வக்கீல் சொல்லக்கூடும். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு ஸ்டூல் போடுவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது. ஆர்டர் இல்லாத பத்து நிமிஷம் சுவரில் சாய்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டு, “சாயாதே, ஏதாவது துடை” என்பார்கள். துடைத்ததையே துடைத்திருக்கிறேன்.

விலை கட்டுப்படியாகாது என்பீர்கள். நேர்மையான பதிலாக இருக்கலாம். வாடகை, மின்சாரம், டெலிவரி கமிஷன் எல்லாம் ஏறிக்கொண்டே போவதை என் அலுவலகத்தில் தினமும் பார்க்கிறேன். கூலியை ஒழுங்காகக் கொடுத்தால் ஒரு பர்கருக்கு மூன்று ரூபாய் கூடுமா, நான்கு ரூபாய் கூடுமா என்று கணக்குப் போட்டுப் பலகையிலேயே எழுதுங்கள். கொடுக்கிறேன். என்னைப் போலப் பலர் கொடுப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் அது வாடிக்கையாளர் எடுக்க வேண்டிய முடிவு. அந்த மூன்று ரூபாயை இத்தனை நாள் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தவர் வாடிக்கையாளர் இல்லை.

பதில் எழுதுவதாக இருந்தால் ‘உங்கள் கருத்துக்கு நன்றி, தொடர்ந்து எங்களோடு இணைந்திருங்கள்’ என்ற மெயில் வேண்டாம். அதற்குப் பக்கத்தில் பத்து சதவீதக் கூப்பன் ஒன்றும் ஒட்டி வரும், அதுவும் வேண்டாம்.

இந்த மடலோடு இரண்டு சீட்டுகளின் நகல் வைத்திருக்கிறேன். ஒன்று அந்த ஞாயிற்றுக்கிழமை பில். இன்னொன்று சித்தி மகளின் போன மாதச் சம்பளச் சீட்டு. அந்த மாதம் அவள் ஒன்பது நாள் குளோசிங் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் பஞ்ச் அவுட் ஆன நேரத்தையும் கடையை விட்டு வெளியே வந்த நேரத்தையும் எனக்கு மெசேஜ் அனுப்பச் சொல்லியிருந்தேன். கூட்டிப் பார்த்தால் ஆறு மணி நேரம் நாற்பது நிமிஷம். சீட்டில் கடைசியிலிருந்து மூன்றாவது வரியைப் பாருங்கள். ‘கூடுதல் நேரம் 0.00’ என்று இருக்கும். கடையின் பெயரையும் அவள் பெயரையும் கறுப்பு மையால் அழித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய டீம் மெம்பர் ஒருவன்,
சென்னை.